காரை விட்டு இறங்குகையில் தோன்றும் மின்னதிர்ச்சி

காரை விட்டு இறங்குவோர் கதவின் உலோகப் பகுதியைத் தொட்டதும் விரல் நுனியில் சுருக்கென்று ஓர் அதிர்ச்சி உண்டாவது பலரும் அறிந்த நிகழ்ச்சியாகும். சில சமயம் மெல்லிய ஒலி கேட்கும். இருளில் சிறு பொறியும் புலப்படும். பாட்டரியிலிருந்து மின்சாரம் கசிகின்றது என ஐயுற்று வண்டியைப் பழுது பார்க்கக் கொண்டு செல்வோரும் உளர். பெட்ரோல், டீசல் கார்களின் பாட்டரி 12 வோல்ட் அழுத்தமே உடையது. உலர்ந்த தோலின் வழியே அஃது உணரத்தக்க மின்னோட்டத்தைச் செலுத்தாது. அதிர்ச்சியின் பிறப்பிடம் வண்டியின் இயந்திரமன்று. இருக்கையும், அதில் அமர்ந்திருப்பவரின் ஆடையுமே ஆகும்.

இருவேறு பொருள்கள் ஒன்றையொன்று அழுந்தத் தொட்டுப் பின் பிரியும்போது, ஒன்றிலிருந்து சில எலெக்ட்ரான்கள் மற்றொன்றுக்குச் சென்றுவிடுகின்றன. எலெக்ட்ரான்களை இழந்த பொருள் நேர் மின்னேற்றமும், பெற்ற பொருள் எதிர் மின்னேற்றமும் அடைகின்றன. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்ப்பது இதனாலேயே. பாலிஎஸ்டர் ஆடை உடுத்தவர் செயற்கை இழை உறையிட்ட இருக்கையில் நெடுநேரம் அமர்ந்து, அசைந்து, பின் எழுகையில் இதுவே பெரிய அளவில் நிகழ்கின்றது.

அமர்ந்திருக்கும்வரை அவர் எதையும் உணர்வதில்லை. எழுந்த பின்னரே அதிர்ச்சி தோன்றுகின்றது. ஏன்? ஒரே அளவு நீரை அகன்ற தாம்பாளத்தில் ஊற்றினால் அதன் உயரம் சிறிது. ஒடுங்கிய குழாயில் ஊற்றினால் உயரம் பெரிது. உடலும் இருக்கையும் நெருங்கியிருக்கும்வரை அவை அகன்ற கலத்தை ஒக்கும். உடல் விலகியதும் மின்னேற்றத்தைத் தாங்கும் திறன் சுருங்கிவிடுகின்றது. மின்னேற்றம் குறையாமலிருக்க, மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட்டுக்கு உயர்கின்றது. ரப்பர் அடிகொண்ட காலணி அது தரைக்குள் இறங்குவதைத் தடுக்கின்றது. அந்நிலையில் விரல் உலோகக் கதவை நெருங்கினால், இடையிலுள்ள காற்றைப் பிளந்து பொறி பாய்கின்றது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டே ஆயினும் உயிரைப் போக்க வல்லது. இஃதோ 8,000 வோல்ட்டாயினும் தீங்கு செய்வதில்லை. பாயும் மின்னேற்றம் மிகச் சிறிதாகவும், பாயும் காலம் ஒரு நொடியின் மிக நுண்ணிய கூறாகவும் இருப்பதே காரணம்.

இனி, இடத்தையும் பருவத்தையும் நோக்குவோம். எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியரகம் அமைந்துள்ள காக்கநாட்டில் வாழ்வோர்க்கு, வெளியில் நிறுத்திய வண்டியினால் இவ்வதிர்ச்சி நேர்வது அரிது. காயலும், கடம்பிரயாறும், சித்திரப்புழையும் சூழ்ந்த அப்பகுதியின் காற்றில் பெரும்பாலான மாதங்களில் சராசரி ஈரப்பதம் 70 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ உள்ளது. இத்தகைய காற்றில் ஆடை, இருக்கை, தோல் ஆகியவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகின்றது. தோன்றும் மின்னேற்றம் அப்படலத்தின் வழியே அவ்வப்போது வடிந்துவிடும். மழைக்காலத்தில் கண்ணாடிக் கோலையும் பட்டுத் துணியையும் கொண்டு வகுப்பில் சோதனை செய்ய முயன்று தோற்ற ஆசிரியர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பருத்தி முண்டு உடுத்தி வெறுங்காலுடன் நடந்த முந்தைய தலைமுறையினருக்கோ இத்தொல்லை முற்றிலும் புதிது.

அதே காரில் தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயம்புத்தூருக்குச் சென்றால் நிலைமை மாறும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்விடைவெளியில் அப்பருவத்தில் வறண்ட கீழ்க்காற்று வீசுகின்றது. காலையில் அதிர்ச்சி தராத கதவு பிற்பகலில் தருமாயின், மாறியது வண்டியன்று, காற்றே.

காக்கநாட்டிலும் செயற்கையாக வறட்சி உண்டாக்கப்படுகின்றது. காரின் குளிர்பதனக் கருவி காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கி வெளியேற்றுகின்றது. நின்ற காரின் அடியில் சொட்டும் நீர் அதுவே. 2004-இல் தொடங்கப்பெற்ற இன்ஃபோபார்க் போன்ற வளாகங்களில், குளிர்பதன அறையின் செயற்கை விரிப்பின்மேல் நடந்து வந்தவர் காரில் ஏறக் கதவைத் தொடுகையிலும் அதிர்ச்சி பெறலாம். அங்கு மின்னேற்றம் தந்தது விரிப்பும் காலணியும் ஆகும்.

காரின் பின்புறம் வால்போல் தொங்கும் ரப்பர்ப் பட்டையைப் பலர் இதற்கு மருந்தாக வாங்குகின்றனர். அது வண்டியின் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கலாம். இறங்குபவரின் உடலிலுள்ளதை இறக்காது. மேலும் டயரில் கலந்துள்ள கரித்தூளே ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். 1990-களிலிருந்து கரித்தூளுக்குப் பதில் சிலிக்கா மிகுதியாகச் சேர்க்கப்பட்ட டயர்களில் இத்திறன் குறைந்தது. அதனை ஈடுசெய்ய, கடத்தும் ரப்பரால் ஒரு மெல்லிய கீற்று வைத்துச் செய்கின்றனர்.

செலவில்லாத வழி வேறொன்று உண்டு. இருக்கையில் அமர்ந்திருக்கும்போதே கதவுச் சட்டத்தின் வெற்று உலோகப் பகுதியைப் பற்றிக் கொள்க. பிடியை விடாமல் எழுந்து, இரு கால்களையும் தரையில் ஊன்றிய பின்னரே கையை எடுக்க. மின்னேற்றம் தோன்றத் தோன்ற வடிந்துவிடுவதால் பொறிக்கு இடமில்லை. சாவியை இறுகப் பற்றி அதன் முனையால் கதவைத் தொடுவதும் வலியைத் தவிர்க்கும். ஆயினும் சாவி முனையில் பொறி தோன்றவே செய்கின்றது. வலி மட்டுமே உள்ளங்கையெங்கும் பரவிக் குறைகின்றது. பெட்ரோல் நிலையத்தில் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். மனித உடலின் மின்கொள்ளும் திறன் சுமார் 150 பிக்கோபாரடு. 8,000 வோல்ட்டில் அதில் தேங்கும் சக்தி ஏறத்தாழ 5 மில்லிஜூல். காற்றோடு தக்க அளவில் கலந்த பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூலே போதுமானது. 2,000 வோல்ட்டில் உடலில் தேங்கும் சக்தி 0.3 மில்லிஜூல், அவ்வளவு சிறிய பொறியைப் பலர் உணர்வதேயில்லை. எனவே அதிர்ச்சி தோன்றவில்லை என்பது அபாயம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஓட்டுநரே எரிபொருள் நிரப்பிக் கொள்ளும் அமெரிக்க நிலையங்களில், நிரப்பும்போது இடையில் காருக்குள் சென்று அமர்ந்து, மீண்டும் வந்து குழாய் முனையைத் தொட்டவர்களின் கையருகே தீப்பற்றியதுண்டு.

காக்கநாட்டுக்கு அண்மையில் அம்பலமுகளில் 1966-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை உள்ளது. இரும்பனத்துக் கிடங்குகளில் டேங்கர் லாரிகள் எண்ணெய் ஏற்றிச் செல்கின்றன. ஈரக்காற்று காரோட்டிக்குச் செய்யும் உதவியை இங்கே முழுமையாகச் செய்ய இயலாது. குழாயினுள் ஓடும் எண்ணெயை அக்காற்று எட்டுவதில்லை. பெட்ரோலும் டீசலும் மின்சாரத்தை அரிதிற் கடத்துபவை. குழாயிலும் வடிகட்டியிலும் ஓடுகையில் அவை மின்னேற்றம் பெற்று, அதனைத் தொட்டிக்குள் கொண்டு சேர்க்கின்றன. ஆகவே, குழாயை இணைக்கும் முன்னரே லாரியின் உடலைக் கம்பியால் தரையோடு இணைக்க வேண்டும். நிரப்புதல் முடிந்து குழாயைக் கழற்றிய பின்னரே கம்பியை அகற்ற வேண்டும். குழாயின் வாய் எண்ணெயில் மூழ்கும்வரை, ஓட்டம் நொடிக்கு 1 மீட்டரை மிஞ்சாமலிருப்பது நன்று. மேலிருந்து சிதறி விழும்படி ஊற்றுதல் கூடாது.

பெட்ரோல் ஏற்றி வந்த தொட்டியில் டீசலை நிரப்புவதே மிகவும் அஞ்சத்தக்கது. பெட்ரோல் நிறைந்த தொட்டியில் ஆவி மிகுந்திருப்பதால் அது எளிதில் பற்றாது. டீசலின் ஆவியோ மிகக் குறைவு. எஞ்சிய பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்திருக்கும் தொட்டியில் டீசல் மின்னேற்றத்துடன் பாயும்போது, பற்றத்தக்க கலவையும் பொறியும் ஒருங்கே அமைய இடமுண்டு. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வழங்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருத்தலாகாது. கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் கடத்துதிறனும் குறைந்துவிடுவதால், அதனை உயர்த்தும் பொருள்களைச் சிறிதளவு சேர்ப்பதுண்டு.

பிளாஸ்டிக் கலத்தில் பெட்ரோல் வாங்குவோர் அதனைக் காருக்குள்ளோ, லாரியின் விரிப்பின் மேலோ வைத்து நிரப்புதல் ஆகாது. கலத்தைத் தரையில் இறக்கி வைத்து, குழாய் முனை கலத்தின் வாயைத் தொட்டிருக்கும்படி மெதுவாக நிரப்புக.