கேன்சர் இல்லை, அதற்காகச் சாதுவும் இல்லை

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘புற்றுநோய் இல்லை’ என்று வந்துவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று என்பது பரவலான நம்பிக்கை. குழந்தைகளின் தாடை எலும்புக்குள் வளரும் ஜயன்ட் செல் கிரானுலோமா அதற்குக் கட்டுப்படுவதில்லை. 1953-இல் ஹென்றி ஜாஃபே இதற்குப் பெயர் வைத்தபோது, எலும்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் முயற்சி என்றே கருதினார். பல கட்டிகள் அப்படி அடக்கமாகவும் இருக்கின்றன. சிலவோ மளமளவென்று வீங்கி, பல் வேரைக் கரைத்து, எலும்பின் வெளிச்சுவரைத் துளைத்துவிடும். எடுத்த இடத்திலேயே மறுபடி முளைக்கும். நுண்ணோக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பாராதைராய்டு சுரப்பிக் கோளாறால் வரும் எலும்புக் கட்டியும் அதே தோற்றம் காட்டும். இரு கன்னமும் சேர்ந்து உப்பும் செருபிசமும் அப்படியே; அது பருவ வயதுக்குப் பின் பெரும்பாலும் தானே அடங்கும். ஆகவே ரிப்போர்ட் பாதி விடைதான். ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்காமல், சிடி ஸ்கேன் எடுக்காமல் கத்தியைத் தொடுவது அவசரம்.

‘இவ்வளவு பொல்லாதது என்றால் தாடையை வெட்டியே எடுத்துவிடலாமே’ என்பார்கள். பெரியவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். குழந்தையின் தாடை இன்னும் வளர வேண்டியது. பால்பல்லுக்கு அடியில் நிரந்தரப் பல்லின் முளைகள் காத்திருக்கின்றன. வெட்டினால் அவையும் போகும், முகம் ஒருபக்கமாக வளரும். இருமுறை அறுவை செய்தும் திரும்பி வந்த கட்டியோடு இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு, லியோனார்ட் காபன், ஜூடா ஃபோக்மன் குழுவினர் இன்டர்ஃபெரான் ஊசி கொடுத்தார்கள். கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்காமல் தடுப்பதே நோக்கம். ஓராண்டில் கட்டி மறைந்தது, எலும்பு மீண்டும் வளர்ந்தது. 1999-இல் அதை வெளியிட்டார்கள். பின்னாளில் கட்டியைச் சுரண்டி எடுத்து, பல்லையும் நரம்பையும் காப்பாற்றி, கூடவே ஊசி போடும் முறையை அதே காபன் வகுத்தார்.

ஒரு குழந்தையின் அனுபவம் சட்டமாகிவிடாது என்ற ஆட்சேபம் நியாயமானது. மருந்துக்கும் விலை உண்டு: இன்டர்ஃபெரானால் காய்ச்சல் வரும், வெள்ளணுக்கள் குறையும், இக்கட்டிக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான டெனோசுமாப்பை நிறுத்தியபின் வளரும் குழந்தைகளுக்கு ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு எகிறியதுண்டு. ஆனாலும் சிறிய, அடக்கமான கட்டியைச் சுரண்டி எடுத்தாலே போதும் என்பதும், அதே வைத்தியம் தீவிர வகைக்கு அடிக்கடி தோற்கிறது என்பதும் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயங்கள். அப்படித் தோற்கும்போதுதான் ‘கத்தி பட்டதால் பரவிவிட்டது’ என்ற பேச்சு கிளம்புகிறது. பரவவில்லை, எலும்பிடுக்கில் மிச்சமிருந்தது மறுபடி வளர்ந்திருக்கிறது. அதனால்தான் வீக்கம் வடிந்த பிறகும், முதல் இரண்டு ஆண்டுகளாவது, விடாமல் ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள்.