ஒரே கேபிளில் தரவும் மின்சாரமும்: சுவிட்ச் வாங்குமுன் ஒரு கணக்கு

கண்காணிப்புக் கமெரா பொருத்திய வர்த்தக நிலையங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: பகலில் எல்லாக் கமெராக்களும் இயங்குகின்றன, இருட்டியதும் ஒன்றிரண்டு அணைந்து விடுகின்றன. கமெரா பழுதென்று மாற்றிப் பார்க்கிறார்கள். பல இடங்களில் குறை இருப்பதோ சுவிட்சின் மின் கணக்கில்.

நெட்வேர்க் கேபிள் வழியாகவே கருவிக்கு மின்சாரம் தரும் முறைக்கு 'பவர் ஓவர் ஈதர்நெட்' என்று பெயர். 2003இல் வந்த முதல் தரப்படி ஒரு போர்ட் 15.4 வொட் கொடுக்கும். 100 மீற்றர் கேபிளில் ஏற்படும் இழப்பு போகக் கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வொட். 2009இல் இது 30 வொட்டாகவும் 2018இல் 90 வொட்டாகவும் உயர்ந்தது. தரத்துக்கு அமைந்த சுவிட்ச், முதலில் சிறிய மின்னழுத்தம் கொடுத்து மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்த்த பின்னரே மின்சாரம் அனுப்பும். எனவே சாதாரணக் கணினியைச் செருகினாலும் ஆபத்தில்லை. 'பெசிவ்' என விற்கப்படும் மலிவான 24 வோல்ட் கருவிகளுக்கு இந்தச் சோதனை கிடையாது.

இனிக் கணக்குக்கு வருவோம். சுவிட்சில் 8 போர்ட்கள், மொத்த மின்கொள்ளளவு 60 வொட் என்று வையுங்கள். கமெரா தன்னை 3ஆம் வகுப்பு என்று அறிவித்தால், அது எவ்வளவு குறைவாக எடுத்தாலும் பல சுவிட்ச்கள் 15.4 வொட்டை ஒதுக்கி விடும். மூன்று கமெராவுக்கு 46.2, நான்காவதுக்கு இடமில்லை! புதிய சுவிட்ச் வாங்க ஓட வேண்டாம். சிஸ்கோ கெட்டலிஸ்ட் சுவிட்சில் 'ஷோ பவர் இன்லைன்' என்ற கட்டளை ஒதுக்கீட்டைக் காட்டும். 'பவர் இன்லைன் கொன்சம்ப்ஷன் 7000' என்று போர்ட்டுக்குக் கொடுத்தால் கணக்கில் 7 வொட் மட்டுமே பிடிக்கப்படும். ஆறு கமெராவுக்கு 42 வொட். ஆனால் அந்த 7 வொட் உண்மையாக இருக்க வேண்டும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கமெரா கூடுதல் மின்சாரம் எடுக்கும். பகல் அளவை வைத்துக் கணக்கிட்டால் மேற்சொன்ன முறைப்பாடுதான் மிஞ்சும்.

போர்ட்களுக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி சில சுவிட்ச்களில் உண்டு. காசுப் பெட்டியைப் பார்க்கும் கமெராவை மேலேயும் களஞ்சியக் கமெராவைக் கீழேயும் வைக்கலாம். மின்சாரம் போதாதபோது முதலில் துண்டிக்கப்படுவது கீழே உள்ளதே. மின்சாரம் தேவைப்படாத போர்ட்டை 'நெவர்' என்று அடைத்து விடலாம்.

கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். செம்பு பூசிய அலுமினியக் கேபிளுக்குத் தடை அதிகம். தூரம் கூடக்கூட மின்னழுத்தம் விழும், கேபிள் சூடாகும்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டை நாம் கண்டோம். கமெராக்களுக்கு மின்சாரம் சுவிட்சிலிருந்தே போவதால் ஒரு யூபிஎஸ் போதும். அதன் அளவைத் தீர்மானிக்கும்போது 42 வொட்டோடு சுவிட்சின் சொந்தத் தேவையையும், காட்சிகளைப் பதியும் ரெக்கோடரின் தேவையையும் சேருங்கள். ரெக்கோடர் அணைந்திருந்தால் கமெரா பார்த்துக்கொண்டிருக்கும், பதிவு இருக்காது.