களப்பயணத்துக்கு முன் இரண்டு பாடவேளைகள்: உப்பளக் கரையில் முதலுதவிப் பை

மரக்காணம் பகுதிப் பள்ளிகளுக்குக் களப்பயண இடம் தேடி அலைய வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்பளங்கள் இருக்கின்றன. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியும் அருகிலேயே உள்ளது. மழைக்காலம் முடிந்து உப்பளங்களில் வேலை தொடங்கும் பிப்ரவரியில் ஏழாம் வகுப்புக் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்கிறேன். அதற்கு முந்தைய வாரம், முதலுதவிப் பாடத்தைப் புத்தகத்தில் நிறுத்திவிடாமல், பயணத்துக்கான முதலுதவிப் பையைக் குழந்தைகளே தயாரிக்கும் செயல்பாடாக இரண்டு பாடவேளைகளில் நடத்துகிறேன்.

முதல் பாடவேளை: பொருளுக்கு முன் ஆபத்து

"பையில் என்னென்ன வைக்கலாம்?" என்று கேட்டால் பஞ்சு, பிளாஸ்திரி, தைலம் என்ற பட்டியல்தான் வரும். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன்: "நாம் போகும் இடத்தில் யாருக்கு என்ன நேரலாம்?" என் வகுப்பில் பலருடைய பெற்றோர் உப்பளத் தொழிலாளர்கள். இந்தக் கேள்விக்கு என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். அவர்கள் சொன்னவற்றைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதைக் குழுவாகப் பேசினோம்.

1. உப்புக் கல், கிளிஞ்சல் காலில் கிழித்தல்: குடிநீராலும் சோப்பாலும் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றபின் கட்ட வேண்டும். ஆழமான காயமோ துருப்பிடித்த ஆணியோ என்றால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு டி.டி. ஊசி தேவையா என்று பார்ப்பார்கள்.
2. உப்புத் தண்ணீர் கண்ணில் தெறித்தல்: கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்றிக் கழுவ வேண்டும்.
3. வெயிலில் மயக்கம்: நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். உளறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.
4. மூக்கில் ரத்தம்: தலையைச் சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அண்ணாந்து பார்க்கக் கூடாது.
5. பாம்புக்கடி: கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, கொலுசு, மெட்டி போன்றவற்றைக் கழற்றிவிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது.

இடையில் ஒரு மாணவன், "எங்க அப்பா கால்ல அடிபட்டா பாத்தித் தண்ணியிலயே கழுவிக்குவாரு டீச்சர், உப்பு புண்ணை ஆத்தும்ல?" என்று கேட்டான். வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாத்தித் தண்ணீரில் உப்பு மட்டுமா இருக்கிறது, சேறும் அழுக்கும் இல்லையா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கழுவுவதற்கென்றே தனியாக 2 லிட்டர் குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

இரண்டாம் பாடவேளை: பையை அடுக்குதல்

32 குழந்தைகளுக்கு ஒரு நாள் பயணத்துக்கு நாங்கள் வைத்தவை: கிருமி நீக்கிய காஸ் துணி 10, சுருள் கட்டுத்துணி 4, முக்கோணக் கட்டுத்துணி 2, பிளாஸ்திரி 20, போவிடோன் அயோடின் களிம்பு, கையுறை 4 ஜோடி, கத்தரிக்கோல், முள் எடுக்கும் சிறு இடுக்கி, ஊக்குகள், வெப்பமானி, சோப்பு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 4, ஒரு லிட்டர் பாட்டில்.

பாட்டிலுக்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பின் அளவு கூடிவிடும். பொட்டலத்தில் அச்சிட்ட அளவையும் காலாவதி நாளையும் குழந்தைகளே வாசித்தார்கள். நம் ஊர் உப்புக் காற்றில் கத்தரிக்கோலும் ஊக்கும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், எல்லாவற்றையும் காற்றுப் புகாத உறைகளில் போட்டு, அடிக்கடி தேவைப்படுவதை மேலே வைத்தோம்.

மாத்திரைகள் எதுவும் பைக்குள் இல்லை. மருத்துவர் ஆலோசனையின்றி நாம் மாத்திரை தருவது ஆபத்து. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்தும் குழந்தையிடம் அது கையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வாமை, வலிப்பு போன்ற விவரங்களையும் பெற்றோர் எண்களையும் எழுதிய தாள் ஆசிரியரிடம் மட்டும் இருக்கும்.

பையின் மிக முக்கியமான தாள்

உப்பளத்துக்குத் தெருப்பெயர் இல்லை, கதவு எண் இல்லை. 108-ஐ அழைத்தால் "எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு என்ன சொல்வது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தக் கிலோமீட்டர் கல், அதிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது, வண்டி எதுவரை வரும், சாலையில் யார் நின்று கைகாட்டுவது என நான்கு வரியில் குழந்தைகள் எழுதினார்கள். பிறகு ஒருவர் பேசுபவராகவும் மற்றவர் 108 பணியாளராகவும் நடித்துப் பார்த்தோம். மூன்றாவது முறைதான் எல்லாத் தகவலும் தெளிவாக வந்தது. ஊருக்கு வழி சொல்வதும் ஒரு மொழித்திறன்தான்.

பெட்டியின் கதை

1888-இல் அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் வணிக முறையில் முதலுதவிப் பெட்டியை வெளியிட்டது. ஆள் நடமாட்டமில்லாத இடங்களில் காயமடைந்த ரயில்பாதைத் தொழிலாளர்களுக்காக அது உருவானது. இதைச் சொன்னதும், "அப்போ உப்பளத்துக்கும் ஒண்ணு வேணும் டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. அதுவே வீட்டுப்பணி ஆயிற்று. பழைய டிபன் பாக்ஸில் காஸ் துணி, கட்டுத்துணி, சோப்புத் துண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்து, வேலைக்குப் போகும் அம்மா அப்பாவிடம் கொடுத்து, பயன்படுத்தும் முறையை விளக்க வேண்டும். மறுவாரம் பெற்றோர் கேட்ட கேள்விகளை எழுதிவந்தார்கள். மதிப்பீட்டுக்கு அந்தக் கேள்விகளும் பதில்களுமே போதுமானவையாக இருந்தன.

மலைப்பகுதி ஆசிரியர்கள் அட்டைக்கடியையும், நகரத்து ஆசிரியர்கள் சாலை விபத்தையும் பட்டியலில் சேர்க்கலாம். போகும் இடத்தை முதலில் யோசித்து, பொருளைப் பிறகு எழுதுங்கள். பயணம் முடிந்ததும், பயன்படுத்தியவற்றை எண்ணி மீண்டும் நிரப்பும் பொறுப்பையும் குழந்தைகளிடமே கொடுங்கள்.