இரத்தத்தைச் சேமித்து வைக்க முடியாதா?



"வருடத்துக்கு ஒரு முகாம் போட்டு எல்லோரும் இரத்தம் கொடுத்து வைத்துவிட்டால், நடுராத்திரியில் போன் போட்டு எழுப்ப வேண்டியதில்லையே?" என்று நம் இரத்ததானப் பட்டியலில் உள்ள சகோதரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இரத்தம் அரிசி மூட்டை அல்ல. சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 நாள், அதற்கென உள்ள கரைசல் சேர்த்தால் 42 நாள் வைக்கலாம். டெங்குவில் குறைகிறதே, அந்தப் பிளேட்லெட் அணுக்களை ஃப்ரிட்ஜில் வைத்தால் உருமாறிவிடும். அப்படி மாறியதை ஏற்றினால் ஈரல் சீக்கிரமே அப்புறப்படுத்திவிடும். அதனால் 20 முதல் 24 டிகிரியில், விடாமல் ஆட்டிக்கொண்டே, 5 நாள்தான் வைத்திருக்கிறார்கள்.

உறைய வைத்தால்? தக்காளியை ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகிச் செல்களைக் கிழிப்பதால் கொழகொழத்துப் போயிருக்கும். செல்கள் நீக்கிய பிளாஸ்மாவை உறைய வைத்து ஒரு வருடம் காக்கிறார்கள்.

அண்டார்க்டிகா கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி. சாதாரண மீனின் இரத்தம் மைனஸ் 1-ஐ எட்டுமுன்பே உறைந்துவிடும். அங்குள்ள மீன்களோ அல்லாஹ்வின் ஏற்பாட்டால் சுகமாக நீந்துகின்றன. 1960-களில் ஆர்தர் டிவ்ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவற்றின் இரத்தத்தில் சர்க்கரை கோத்த ஒரு புரதத்தைக் கண்டார். பொடிப் பனித்துகள் தோன்றியதும் அது மேலே ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கிறது. 1996-ல் கலிபோர்னியாவில் இந்தப் புரதத்தைச் சேர்த்துக் குளிரில் வைத்த பிளேட்லெட்டுகள் வழக்கம்போல் உருமாறவில்லை. ஆனால் உறையும் அளவுக்குக் குளிரூட்டினால் இதே புரதம் பனியை ஊசி ஊசியாக வளர்த்துச் செல்களைக் குத்துவதும் உண்டு. இரத்த வங்கிகளுக்கு இது இன்னும் வந்து சேரவில்லை. மேல்நாட்டு ஐஸ்கிரீம் நறநறக்காமல் இருக்க மட்டும் மீன் புரதம் வந்துவிட்டது!

ஒரே நாளில் எல்லோரும் கொடுப்பதில் இன்னொரு சிக்கல். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்தே மறுபடி கொடுக்கலாம். செப்டம்பரில் முகாம் வைத்தால் அக்டோபர், நவம்பர் மழையில், டெங்கு ஏறும் நேரத்தில், கூப்பிட ஆள் இருக்காது. போன மழைக்காலத்தில் கிருஷ்ணன்கோவிலிலிருந்து நம் பிள்ளைகள் இருவர் இரவோடு இரவாக மதுரைக்குப் போய்க் கொடுத்து வந்தார்கள். பட்டியல் இருந்ததால்தான் அவர்களைப் பிடிக்க முடிந்தது.

நெகட்டிவ் வகையினர் நம் பட்டியலில் மிகக் குறைவு. பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றையும் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ரமழானில் நோன்பு திறந்த பிறகு வர முடிந்தவர்கள் அதையும் குறிப்பிடுங்கள்.