பாத்திரம் கழுவும் எந்திரமும் நஜீஸும்

எந்திரத்தில் கழுவிய பாத்திரம் சுத்தமாகுமா என்று சகோதரிகள் சிலர் வினவுகின்றனர். அதனுள் நீர் ஓடும் விதத்தை முதலில் பார்ப்போம்.

அடிப்பாகத்தில் சில லிட்டர் நீர் நிரம்புகிறது. பம்பு அதை உறிஞ்சி, சுழலும் குழாய்கள் வழியே பாத்திரங்கள் மீது பீச்சுகிறது. வழிந்த நீரே வடிகட்டியில் இறங்கி மறுபடியும் மேலேறுகிறது. சோப்பு நீர் வெளியேறிய பின்பே அலசப் புது நீர் வரும். இக்கால எந்திரங்கள் பல, நீரில் ஒளியைச் செலுத்திக் கலங்கலை அளந்து, தேவைக்கேற்ப அலசுகின்றன. மொத்தம் 10 முதல் 15 லிட்டரே செலவு. எனவே குழம்பு ஒட்டிய தட்டை வழித்துவிட்டு வைத்தாலே போதும். முன்கூட்டிக் குழாயடியில் கழுவுவது வீண் விரயம்.

ஆனால், அறுத்த கோழியின் ரத்தம் தோய்ந்த சட்டியின் விஷயம் வேறு. ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத்துக்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால் அந்நீரும் நஜீஸே. அதே நீர்தான் மற்றப் பாத்திரங்களையும் தொடுகிறது! அடுத்துப் புது நீர் வருகிறதே என்பர். பழைய நீர் கொஞ்சம் அடியில் தங்கிவிடுகிறதே! ஆகவே, அச்சட்டியில் ரத்தத்தைப் போக்கி, சுத்த நீர் ஊற்றிக் கழுவிய பின்னரே உள்ளே வைப்பது பேணுதல்.

நாய் வாய் வைத்த பாத்திரத்தை 7 முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். அதை எந்த எந்திரமும் செய்யாது. நம் கைதான் செய்ய வேண்டும்.