மூன்று படங்கள்

இது ஒரு கதை. ஆனால் நம் நாட்டில் பல ஊர்களில் இப்படி நடக்கிறது.

ஒரு சிறுமி. அவளுக்கு ஐந்து வயது. அங்கன்வாடிக்குப் போகிறாள். அவளுக்குக் கொஞ்சம் திக்குவாய். சொல்லின் முதல் எழுத்து எளிதில் வராது.

சில நாட்களாகக் காலையில் அவளுக்கு வயிறு வலித்தது. "நான் போகலைம்மா" என்று அழுதாள். அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். வலி நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று வலி இல்லை. நாள் முழுவதும் ஓடி விளையாடினாள்.

அம்மா யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராத வலி என்ன வலி?

இரவு மகளை மடியில் வைத்து மெதுவாகக் கேட்டாள். மகள் திக்கித் திக்கிச் சொன்னாள்.

"என்னை மாதிரியே பேசிப் பேசிச் சிரிக்கிறாங்கம்மா."

மறுநாள் அம்மா அங்கன்வாடிக்குப் போனாள்.

"வாங்கக்கா. பாப்பா ஏன் வரவில்லை?" என்று கேட்டார் டீச்சர். அம்மா விவரம் சொன்னாள். டீச்சர் வருத்தப்பட்டார்.

"நானும் பார்த்தேன் அக்கா. விளையாட்டு என்று நினைத்துவிட்டேன்" என்றார்.

விளையாட்டா? வம்பா?

விளையாட்டு எது? வம்பு எது? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு.

இரண்டு பேரும் சிரித்தால் அது விளையாட்டு. ஒருவர் சிரிக்க, ஒருவர் அழுதால் அது விளையாட்டு அல்ல. ஒரே பிள்ளையை மீண்டும் மீண்டும் சீண்டினால் அது வம்பு.

பட்டப்பெயர் வைப்பது வம்பு. நிறத்தைச் சொல்லிச் சிரிப்பது வம்பு. உடலைச் சொல்லி, சாதியைச் சொல்லி ஒதுக்குவது வம்பு. தள்ளுவதும் பிடுங்குவதும் வம்பு. "உன்னைச் சேர்க்க மாட்டோம்" என்று தினமும் சொல்வதும் வம்புதான்.

திக்குவாய் அறிவுக் குறை அல்ல. அந்தப் பிள்ளை பேசி முடிக்கும் வரை நாம் பொறுமையாகக் கேட்டால் போதும்.

டீச்சர் வரைந்த படங்கள்

டீச்சர் முதலில் பிள்ளைகளைக் கண்டித்தார். அன்று கேலி நின்றது. மறுநாள் அவர் முதுகுக்குப் பின்னால் தொடர்ந்தது.

அதனால் வேறு வழி தேடினார். பழைய காலண்டர் தாள்கள் இருந்தன. அவற்றின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் மூன்று படங்கள் வரைந்தார்.

முதல் படம்: நான்கு பிள்ளைகள் விரல் நீட்டிச் சிரிக்கிறார்கள். ஒரு பிள்ளை தலை குனிந்து நிற்கிறது.

இரண்டாம் படம்: நால்வரில் ஒரு பிள்ளை வந்து, தலை குனிந்த பிள்ளையின் கையைப் பிடிக்கிறது.

மூன்றாம் படம்: இரண்டு பிள்ளைகளும் டீச்சரிடம் சொல்கிறார்கள். பின்னால் எல்லாரும் வட்டமாகக் கைகோர்த்து ஆடுகிறார்கள்.

படங்களைச் சுவரில் ஒட்டினார். பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தார்.

"இந்தப் பாப்பா என்ன செய்யுது?"

"அழுவுது டீச்சர்."

"ஏன்?"

"அவங்க சிரிக்கிறாங்க."

"உங்களைப் பார்த்து யாராவது இப்படிச் சிரிச்சிருக்காங்களா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுவன் வாய் திறந்தான். திக்கிப் பேசிக் காட்டி முதலில் சிரித்தவன் அவன்தான்.

"எங்க வீட்ல என்னை மக்குன்னு கூப்பிட்டுச் சிரிப்பாங்க டீச்சர்."

டீச்சர் அவனைத் திட்டவில்லை. "அப்போ உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"அழுகை வரும்" என்றான்.

"அந்தப் பாப்பாவுக்கும் அப்படித்தானே இருக்கும்?" என்றார் டீச்சர். சிறுவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் தாய்மார் கூட்டம் நடந்தது. டீச்சர் எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லவில்லை. படங்களை மட்டும் காட்டினார். "நம் வீட்டில் யாருக்காவது இப்படிப் பட்டப்பெயர் உண்டா?" என்று கேட்டார்.

ஒரு பாட்டி தலை குனிந்தார். "பேரனை நான்தான் மக்குன்னு கூப்பிடுவேன். ஆசையாகத்தான் கூப்பிட்டேன். அது அவன் மனசைச் சுடும்னு தெரியலையே" என்றார்.

சிறுமி மறுபடியும் அங்கன்வாடிக்கு வந்தாள். திக்குவாய் போய்விடவில்லை. ஆனால் இப்போது அவள் பேசும்போது பக்கத்தில் ஒரு தோழி உட்கார்ந்து கேட்கிறாள். காலையில் வயிறு வலிப்பதில்லை.

நீங்களும் செய்யலாம்

எழுத்தறிவு வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் படம் பார்த்தோம். படத்தைப் பற்றிப் பேசினோம். பிறகுதான் எழுத்துக்கு வந்தோம். சின்னப் பிள்ளைக்கும் அதே வழிதான். படத்தை ஒட்டினால் மட்டும் போதாது. படத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

1. ஒரு தாளில் ஒரு செய்தி மட்டும் இருக்கட்டும். படம் பெரிதாக இருக்கட்டும்.

2. பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். நம் கண் உயரத்தில் ஒட்டினால் பிள்ளைக்குத் தெரியாது.

3. படத்தில் இருப்பது உங்கள் ஊர்ப் பிள்ளை போல இருக்கக் கூடாது. இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கேலி கிடைக்கும்.

4. அடிப்பதை மட்டும் வரைந்து குறுக்குக் கோடு போடாதீர்கள். சின்னப் பிள்ளைக்குக் கோடு புரியாமல் போகலாம். அடி மட்டும் மனதில் நிற்கும். என்ன செய்ய வேண்டும் என்பதையும் வரையுங்கள்.

5. கீழே இரண்டு மூன்று சொற்கள் எழுதுங்கள். "சேர்ந்து விளையாடு" என்று எழுதலாம். நீங்களே எழுதுங்கள். உங்களால் முடியும்.

6. பிள்ளையையும் வரையச் சொல்லுங்கள். வாயால் சொல்லாததைச் சில பிள்ளைகள் கையால் சொல்லும்.

பிள்ளைக்குச் சொல்லித் தருவோம்

யாராவது சீண்டினால்: "வேண்டாம், எனக்குப் பிடிக்கலை" என்று சொல். அங்கிருந்து விலகு. பெரியவரிடம் சொல்.

யாரையாவது சீண்டுவதைப் பார்த்தால்: சேர்ந்து சிரிக்காதே. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் நில். பெரியவரைக் கூப்பிடு.

ஒருவரை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது உதவி. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிள்ளை வந்து சொன்னால், "நீயும் திருப்பி அடி" என்று சொல்லாதீர்கள். முழுவதும் கேளுங்கள். "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள்.

சீண்டிய பிள்ளைக்கு "ரவுடி" என்று பெயர் வைக்காதீர்கள். அதுவும் பட்டப்பெயர்தான். அந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று கேளுங்கள்.

தெரிந்துகொள்வோம்

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அங்கன்வாடிகள் இந்தத் திட்டத்தில் வந்தவை. அங்கே 3 வயது முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி தருகிறார்கள்.

குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது, மனத்தை வதைக்கக் கூடாது என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது.

பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். இரவும் பகலும் பேசலாம். கட்டணம் இல்லை.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பார்கள். நாம் பெரியவர்களான பிறகுதான் எழுத்துக் கற்றோம். வீட்டில் பேசும் பேச்சையும் நம்மால் மாற்ற முடியும்.

பேசுவோம்

1. ஞாயிற்றுக்கிழமை சிறுமிக்கு ஏன் வயிறு வலிக்கவில்லை?

2. கேலி செய்த சிறுவனை டீச்சர் ஏன் திட்டவில்லை?

3. சின்ன வயதில் உங்களுக்குப் பட்டப்பெயர் இருந்ததா? அது உங்களுக்குப் பிடித்ததா?

செய்வோம்

ஒரு பழைய காலண்டர் தாளை எடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு படம் வரையுங்கள். அதன் கீழே இரண்டு சொற்கள் எழுதுங்கள்.