மந்த காலத்தில் அரசு செலவிடலாமா?

சிக்கனம் சிறந்த குணம் என்று இளமை முதலே நமக்குப் போதிக்கப்பட்டு வருகின்றது. வரவுக்கு மேல் செலவு செய்பவன் கெடுவான் என்பதும் நாம் அறிந்ததே. அங்ஙனமாயின், வருவாய் குறைந்த காலத்தில் கடன் வாங்கியேனும் அரசு செலவிட வேண்டும் என்று நிதியமைச்சராக இருந்த ஒருவரே கூறுவது முறையாகுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருளியல் நூல்களைப் புரட்டுமுன் எங்கள் கடைக் கணக்கு நோட்டைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

கணக்கு நோட்டு கற்பித்த பாடம்

அந்தமான் தலைநகராகிய போர்ட் பிளேர், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் பெற்றுள்ளது. அந்நகரின் டெலானிபூர்ப் பகுதியில் என் தந்தையார் சிறு மளிகைக் கடை நடத்தி வருகின்றார். 2020 மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது நான் பள்ளி மாணவன். மாலைதோறும் பற்றுக் கணக்கு எழுதுவது என் வேலை.

எங்கள் வாடிக்கைக்காரர் இரு வகையினர். ஒரு சாரார் மாதச் சம்பளம் பெறும் அரசு ஊழியர். மற்றொரு சாரார் சுற்றுலாவை நம்பிய விடுதிப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், படகுத் தொழிலாளர். முன்னவர் மாதந்தோறும் கணக்கைத் தீர்த்தனர். பின்னவர் பக்கங்களிலோ பற்று வளர்ந்ததேயன்றி வரவு விழவில்லை. தந்தையார் சரக்கெடுப்பதைக் குறைத்தார். பின்னர், பல ஆண்டுகளாகக் கடையில் வேலை பார்த்த அண்ணனையும் நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை; கடை பிழைக்க வேறு வழியில்லை.

ஆனால் அந்த அண்ணன் வீட்டுப் பற்றும் எங்கள் நோட்டிலேயே இருந்தது! நாங்கள் சம்பளத்தை நிறுத்தினோம். அடுத்த மாதம் அவர் பக்கத்திலும் வரவு நின்றது. நாங்கள் மிச்சப்படுத்தியதன் ஒரு பகுதியை எங்கள் கல்லாவிலேயே இழந்தோம்.

மந்தம் என்பது யாது?

இக்கதை ஒரு கடையோடு நிற்பதன்று. ஒருவர் செலவே மற்றொருவர் வரவு. எல்லாரும் ஒரே காலத்தில் செலவைச் சுருக்கினால் எல்லாருடைய வருவாயும் சுருங்கும். இதுவே மந்தத்தின் இயல்பு. தொடர்ந்து இரு காலாண்டுகள் நாட்டின் உற்பத்தி குறைந்தால் அதை மந்தம் என்பது பொது வழக்கு. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியாவின் உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட, முதல் மதிப்பீட்டின்படி 23.9 சதவீதம் வீழ்ந்தது. அடுத்த காலாண்டிலும் குறைவே.

இத்தகைய நிலையில் செலவிடத் துணியக்கூடியது அரசு ஒன்றே என்று ஆங்கிலப் பொருளியலறிஞர் கெய்ன்ஸ் 1936-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அரசு தரும் 100 ரூபாயில் பெற்றவர் 80 ரூபாயைச் செலவிடுகிறார் எனக் கொள்வோம். அதைப் பெற்றவர் 64 ரூபாயைச் செலவிடுவார். இவ்வாறே தொடர்ந்தால் மொத்த வருவாய் 500 ரூபாய் வரை பெருகும். இதனைப் பெருக்கி என்பர்.

இருவேறு காலம், இருவேறு நிலை

இக்கருத்தை நம் காலத்தில் வற்புறுத்தியவருள் ஒருவர் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த ப. சிதம்பரம். 2020 மே 12-இல் பிரதமர் 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதன் விவரங்களை ஐந்து நாள் விளக்கினார். அதில் பெரும்பகுதி கடன் வசதியும் உத்தரவாதமுமே. அரசு புதிதாகச் செலவிடுவது 1,86,650 கோடி, அதாவது நாட்டு உற்பத்தியில் 0.91 சதவீதம் மட்டுமே என்று சிதம்பரம் கணக்கிட்டார். கூடுதலாகக் கடன் வாங்கி, ஏழைகளின் கையில் நேரே பணம் சேர்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அரசுத் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. கடைகள் மூடிக் கிடக்கையில் பணம் கொடுத்தால் அது முடங்கும்; ஊரடங்கு தளரத் தளரப் படிப்படியாகச் செலவிடலாம் என்றனர். ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு 40,000 கோடி கூடுதலாக ஒதுக்கினர். இறுதியில் அவ்வாண்டின் நிதிப் பற்றாக்குறை உற்பத்தியில் 9 சதவீதத்தைத் தாண்டியது.

அப்படியானால் சிதம்பரம் எப்போதும் செலவை விரும்பியவரா? அன்று. 2008-09 நெருக்கடியின்போது அவர் அங்கம் வகித்த அமைச்சரவை மூன்று முறை ஊக்கத் திட்டங்களை அறிவித்தது. 2008 டிசம்பரில் உற்பத்தி வரி 4 சதவீதப் புள்ளிகள் குறைக்கப்பட்டது. வளர்ச்சி மீண்டது, ஆனால் ஊக்கத்தைத் திரும்பப் பெறுவதில் காலந்தாழ்ந்தது எனப் பொருளியலார் பலர் கூறுவர். பற்றாக்குறையோடு விலைவாசியும் ஏறி நின்றது. 2012-இல் மீண்டும் நிதியமைச்சரான சிதம்பரமே செலவை இறுக்கிப் பிடித்தார். எனவே 2012-இல் சிக்கனமும் 2020-இல் தாராளமும் பேசியதை முரண் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்தைக் காய்ச்சல் விட்ட பின்னும் கொடுப்பாரோ?

தீவுக்கு ஒரு தனிக் கணக்கு

இங்கே என் தீவைப் பற்றி ஒரு சொல். எங்கள் அரிசியும் வெங்காயமும் சிமெண்டும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. செலவாகும் 80 ரூபாயில் பாதி சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் போய்விட்டால், 100 ரூபாய் இங்கே 500 ஆகாது. ஏறத்தாழ 167 ரூபாயோடு நின்றுவிடும். ஆகவே தீவில் அரசு செலவிடுவது, நெடுநாள் பயன் நிலைத்து நிற்கும் பணியாக இருத்தல் நன்று. சென்னையிலிருந்து கடலடியில் வந்து, 2020 ஆகஸ்டு 10-இல் தொடங்கி வைக்கப்பட்ட தொலைத்தொடர்பு வடம் அத்தகையது. மந்தத்துக்கு முன்பே திட்டமிட்ட பணியாயினும், அதன் பயனை இன்று மாணவரும் வணிகரும் ஒருங்கே நுகர்கின்றனர்.

முடிவுரை

அரசனுக்குரிய பொருட்செயல்களை வள்ளுவர் நான்காக வகுத்தார்: வருவாய்க்கு வழி காணல், சேர்த்தல், காத்தல், பகிர்ந்தளித்தல். நான்கும் ஒரே நாளில் செய்வன அல்ல. நற்காலத்தில் சேர்த்துக் காத்தவனே தீக்காலத்தில் பகிர்ந்தளிக்க வல்லவன். எனவே ஊக்கச் செலவை ஆதரிக்கும் அரசியல்வாதியை, அவர் எக்கட்சியினராயினும், நாம் மூன்று வினாக்கள் கேட்போம்: இது தக்க காலமா? பணம் யார் கைக்குச் செல்லும்? எப்போது நிறுத்துவீர்?

சுற்றுலாப் பயணிகள் மீண்டும் வரத் தொடங்கியபின் அந்த அண்ணன் எங்கள் கடைக்குத் திரும்பினார். சில மாதங்களில் அவர் பக்கம் தீர்ந்தது. தீராத பக்கங்கள் இன்றும் சில உண்டு. அவற்றுக்குரியவர் ஊரைவிட்டே போய்விட்டனர். உதவி காலந்தாழ்ந்தால் என்னாகும் என்பதை எனக்குக் கற்பித்தவை அப்பக்கங்களே.